ஐந்தருவிக்குப் போன கோட்டு

தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஜூன் பிறந்ததும் சொந்தக்காரர்கள் முளைப்பார்கள். மற்ற மாதங்களில் இருக்கிறோமா செத்தோமா என்று கேட்காதவர்கள் எல்லாம், மலையில் மேகம் இறங்கிவிட்டதாம் என்று கேள்விப்பட்டவுடன் போன் போட்டு, "எப்படி இருக்கே, பார்த்து எம்புட்டு நாளாச்சு" என்பார்கள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். "தண்ணி விழுதா?" நான் நல்லா இருக்கேனா என்பதைவிட அருவி நல்லா இருக்கா என்பதுதான் கேள்வி. ஆகஸ்ட் தாண்டித் தண்ணி நின்றால் சொந்தமும் நின்றுவிடும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சரி, குறையாகத்தான் சொல்கிறேன். வருஷா வருஷம் ஈரத்துண்டு பிழிந்தவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

இந்த லட்சணத்தில் எனக்கு வாய்த்த வேலை வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டுகிற வேலை. செங்கோட்டையில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனி. முருங்கை இலைப் பொடி, எலுமிச்சை வற்றல், மிளகு, இதெல்லாம் போகும். வாங்குகிறவர்களோடு பேசுவதும், சாம்பிள் காட்டுவதும், சரக்கில் குறை வந்தால் திட்டு வாங்குவதும் என் பொறுப்பு. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது விமானம் ஏறவேண்டி வரும்.

எங்கள் தெருவில் பெட்டி கட்டுவது ஒன்றும் புதிதில்லை. பாதி வீட்டில் ஆம்பளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள். எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் சவூதியில். அவள் பெட்டி கட்டினால் அதைக் கயிறு போட்டு, முழங்காலால் அமுக்கி, தராசில் தொங்கவிட்டு, கிளம்புகிற அன்றைக்குத் தெருவே கூடி வழியனுப்பும். என் பெட்டியைப் பார்த்தால் மட்டும் அவளுக்குத் திருப்தியே வராது. "என்னட்டி, ஊறுகாய் இல்ல, முறுக்கு இல்ல, வெறும் துணியவா கொண்டு போற? அங்கன போய் எவன் உன்ன மதிப்பான்?" என்பாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என் சிக்கல் ஊறுகாய் இல்லை. என்ன துணி வைப்பது என்பதுதான்.

முதல் பயணம் துபாய். மே மாதம். வெயில் மண்டையைப் பிளக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் இருப்பதிலேயே மெல்லிசான காட்டன் சேலைகளாகப் பார்த்து அடுக்கினேன். போனால், வெயிலில் நடந்தது கார் கதவிலிருந்து கட்டட வாசல் வரைக்கும்தான். உள்ளே ஏசியைப் போட்டு மார்கழி ஆக்கி வைத்திருந்தான்கள். பேசும்போது என் பல் தந்தியடித்தது. முருங்கைப் பொடியின் அருமை பெருமையைச் சொன்னேனா, குளிருக்கு மந்திரம் ஓதினேனா என்று கேட்டவர்களுக்கே சந்தேகம் வந்திருக்கும். மதியச் சாப்பாட்டு மேஜையில் கிடந்த துணியை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டேன்.

அடுத்தது ஜெர்மனி, ஜனவரி. என் வீட்டுக்காரர் தெளிவாகச் சொன்னார், "நம்ம சாரல் மாதிரிதான் இருக்கும்லா, ஒரு சால்வை போதும்." அந்த மனுஷன் பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார். அந்தப் பிள்ளைகள் வெளங்கின மாதிரிதான். தென்காசிக் கடைகளில் ஸ்வெட்டர் கேட்டால், "கொடைக்கானலா, சபரிமலையா?" என்று கேட்டுவிட்டு ஒரு குரங்குக் குல்லாவை எடுத்துப் போட்டார்கள். அந்தக் குல்லாவோடு நான் கம்பெனி வாசலில் போய் நிற்க, வரவேற்பில் இருந்தவள் செக்யூரிட்டியைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. சன்னலைத் திறந்து பார்ப்பது, மலையில் மேகம் இருக்கா என்று நோட்டம் விடுவது, அதை வைத்து உலகத்துக்கே துணி தீர்மானிப்பது. இங்கே சாரல் அடித்தால் இத்தாலியிலும் அடிக்கும் என்று நாங்கள் மனசார நம்புவோம்.

இத்தாலி என்றதும் கதைக்கு வந்துவிட்டேன்.

எங்கள் முதலாளி அண்ணாச்சி நல்ல மனுஷன், ஒரு விஷயத்தில் தவிர. வெளிநாட்டுப் பெரிய பார்ட்டி என்றால் தன் மாப்பிள்ளையைத்தான் முன்னால் நிறுத்துவார். மாப்பிள்ளைக்கு மிளகுக்கும் பப்பாளி விதைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கோட்டும் டையுமாக நின்றால் கண் கூசும். பேசுவது நான், கை குலுக்குவது அவர். இப்படியே வருஷங்கள் ஓடின. அந்த வருஷம் மிலான் பார்ட்டி, ஜூலை மீட்டிங்குக்கு என்னை மட்டும் அனுப்பச் சொல்லி மெயில் போட்டுவிட்டது. அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"சரிம்மா, போயிட்டு வா. ஆனா சேலையக் கட்டிக்கிட்டுப் போய் நிக்காதே. கோட்டு போட்டாத்தான் அவனுவ மதிப்பானுவ. சரிப்பட்டு வந்தா இனிமே அந்தப் பார்ட்டி உன் பொறுப்பு. வரலைன்னா, மாப்பிள்ளையே பார்த்துக்கிடட்டும்."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். இத்தனை வருஷம் நான் பேசி வளர்த்த பார்ட்டி. அது என் கையில் நிற்குமா, இல்லை மாப்பிள்ளை கைக்குப் போய்விடுமா என்பது இந்த ஒரு பயணத்தில் இருந்தது.

கோட்டுத் தைக்கப் போனேன். எங்கள் ஊரில் கோட்டு என்றால் கல்யாண ரிசப்ஷனுக்கு மாப்பிள்ளை போடுவது, அவ்வளவுதான். டெய்லர் என் பின்னாலேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை வரலையா? அளவெடுக்கணும்லா?"

"எனக்குத்தான் அண்ணாச்சி."

மனுஷன் கையிலிருந்த அளவு டேப்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே பார்த்து, "ஏளா, இங்கன வா" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டார். அவள் அளவெடுத்துச் சொல்லச் சொல்ல இவர் திரும்பி நின்று எழுதிக்கொண்டார். ஆனால் ஒன்று சொல்லவேண்டும், தைத்த கோட்டு அருமை. கன்னங்கரேல் என்று, தோளில் சுருக்கம் இல்லாமல், போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னிடம் கொஞ்சம் பயம் வந்தது. நல்லா இருந்தேன். நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

ஜூலை வந்தது. சாரலும் வந்தது. கூடவே மதுரையிலிருந்து என் தாய்மாமாவும் அத்தையும் வந்தார்கள்.

மாமா வாசுதேவநல்லூரில் பிறந்து மதுரையில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். இப்போது கடை மகன் கையில். வருஷம் முழுக்க அவர் காத்திருப்பது குற்றாலச் சீசனுக்குத்தான். ஒரு நாள் மெயினருவி, ஒரு நாள் ஐந்தருவி, கடைசி நாள் பழைய குற்றாலம். இந்த வரிசை மாறக்கூடாது. பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டு நேரே ரயில் ஏறினால்தான் அந்தத் தண்ணி மதுரை வரைக்கும் உடம்பில் நிற்குமாம். என்னம்மோ கணக்கு. அவர்களுடைய கடைசி நாளும் நான் விமானம் ஏறுகிற நாளும் ஒன்றாக வந்து விழுந்தது. முந்தின நாள் மழையில் எங்கும் போகமுடியாததால், அன்று காலையில் ஐந்தருவி, மத்தியானம் பழைய குற்றாலம் என்று திட்டம் போட்டிருந்தார்.

சாரல் மாதத்தில் எங்கள் ஊரில் நல்ல துணியைப் பெட்டிக்குள் பூட்டி வைக்க முடியாது. வைத்தால் பூசணம் பிடித்து, திறக்கும்போது ஊறப்போட்ட உளுந்து மாதிரி வாடை வரும். அதனால் கோட்டு, பேண்ட்டு, வெள்ளைச் சட்டை மூன்றையும் மடித்து, கற்பூரம் போட்டு, ஒரு கட்டைப் பையில் வைத்து முன்னறை நாற்காலியில் காற்றாட விட்டிருந்தேன். கிளம்பும்போது கடைசியாக ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பெட்டியில் வைக்கலாம் என்று நினைப்பு. அது எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குத் துணி எடுத்த ஜவுளிக்கடைப் பை, இரண்டு மரப்பிடி போட்டது. அந்தக் கல்யாணத்துக்கு வந்த எல்லார் வீட்டிலும் அதே பைதான் இருக்கிறது. மாமா அத்தையின் மாற்றுத் துணியும் அதே பையில்தான் இருந்தது.

அந்தப் பையும் அதே முன்னறையில்தான் இருந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது என் பை எம்மாத்திரம்.

அவர்கள் காலையிலேயே ஆட்டோவில் கிளம்பிப் போயாகிவிட்டது. நான் மற்ற சாமானை எல்லாம் அடுக்கிவிட்டு, இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றிவிட்டுப் பையைத் திறந்தேன். உள்ளே மாமா இடுப்பில் கட்டுகிற கட்டம் போட்ட சாரம். அத்தையின் நைட்டி. தேங்காய்ப்பூத் துண்டு. எனக்கு உயிரே போய்விட்டது. அத்தைக்குப் போன் போட்டேன். அருவிக்கரையில் சாமான்களுக்குக் காவல் உட்கார்ந்திருப்பது எப்போதும் அத்தைதான். எடுத்தாள்.

"அத்தை, பையைத் திறந்துறாதீக! அது என் பை!"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ஏட்டி, நீ லேட்டு. உங்க மாமா எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிட்டு வந்து வெடவெடன்னு நடுங்கினாக. மாத்துத் துணியக் காணோம். சரின்னு உன் கோட்ட எடுத்துக் குடுத்தேன். மாப்பிள்ளை மாதிரி இருக்காக! வந்து பாரு!"

குளிக்கப் போய்ச் சேறு பூசிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். குளிக்கப் போய் என் கோட்டைப் பூசிக்கொண்டவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டுக்காரர் பைக்கை எடுக்க, சாரலில் நனைந்துகொண்டே ஐந்தருவிக்குப் போனோம். வழி முழுக்க மாமாவை என்னவெல்லாம் கேட்கவேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். பெட்டிகூட அப்படி ஒழுங்காக அடுக்கியதில்லை.

பஜ்ஜிக்கடை முன்னால் நின்றிருந்தார். இடுப்பில் ஈரத்துண்டு, மேலே என் கறுப்புக் கோட்டு. பொத்தான் போட முடியாமல் தொந்தி வெளியே நிற்கிறது. தலையிலிருந்து எண்ணெயும் தண்ணியும் காலரில் சொட்டுகிறது. கையில் மிளகாய் பஜ்ஜி. அது மட்டுமா, குளிக்க வந்த கூட்டம் அவரைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிடுகிறது. யாரோ பெரிய அதிகாரி, அருவியைப் பார்வையிட வந்தவர், திடீரென்று குளிக்க ஆசைப்பட்டுவிட்டார் என்று நினைத்தார்கள் போல. ஒருத்தர் வந்து, "சார், பொம்பளைங்க பக்கம் கம்பி ஆடுது, கொஞ்சம் பாருங்க" என்று புகாரே கொடுத்தார். மாமா பஜ்ஜியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, "பாத்துருவோம்" என்றார். என்ன தோரணை! அத்தனை கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது.

என் முகத்தைப் பார்த்ததும் தோரணை இறங்கியது. "என்னட்டி?"

"அத இன்னைக்குச் சாயங்காலம் நான் கொண்டு போகணும் மாமா. மிலானுக்கு. அது இல்லாம போனா..." சொல்லி முடிக்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அண்ணாச்சி சொன்னது, மாப்பிள்ளை, பார்ட்டி, எல்லாவற்றையும் அங்கேயே பஜ்ஜிக்கடை முன்னால் நின்று கொட்டிவிட்டேன். கடைக்காரர் கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமா பஜ்ஜியைக் கடை மேஜையில் வைத்தார். கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சாரல் காற்றில் வெறும் உடம்போடு ஆட்டோவைத் தேடிப் போனார்.

வீட்டுக்கு வந்தால், வெள்ளைச் சட்டை தலை துவட்டப் போயிருந்தது. போகட்டும், வேறு சட்டை உண்டு. பேண்ட்டையும் மாமா முயன்று பார்த்தாராம், முழங்காலுக்கு மேலே ஏறவில்லை என்று அத்தை சொன்னாள். கடவுள் இருக்கிறார். கோட்டுதான் தொப்பலாக நனைந்து, காலரெல்லாம் எண்ணெய். அத்தை கடலைமாவை அள்ளிக் காலரில் அப்பி, கொஞ்ச நேரம் விட்டு, உதறினாள். எண்ணெய் போய்விட்டது. ஆனால் கறுப்புத் துணியில் மாவு இறங்கி, கோட்டே பஜ்ஜிக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தது. ஈரத்துணியால் துடைத்தோம். மறுபடி ஈரம். தேய்த்தால் ஆவி வருகிறது, ஈரம் போகவில்லை. உள்ளே வைத்துத் தைத்திருந்த கெட்டித் துணி பஞ்சு மாதிரித் தண்ணியைக் குடித்துவிட்டது. வெளியே சாரல். திருவனந்தபுரம் போகவேண்டிய கார் வாசலில் வந்து நின்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிறது என்பார்கள், தாழி உடைந்த சத்தமே எனக்குக் கேட்டது.

"நான் வருதேன்," என்றார் மாமா.

"எங்கன?"

"திருவனந்தபுரத்துக்கு. கோட்டக் குடு."

"உங்களுக்குப் பழைய குற்றாலம் போகணும்லா?" என்றாள் அத்தை. அவர் காதில் வாங்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு காரின் முன்சீட்டில் ஏறினார். ஏசியைச் சூடாக்கி வைக்கச் சொன்னார். கோட்டைத் தோளுக்கு ஒரு கையாக உள்ளே விட்டு விரித்து, காற்று வருகிற வாய்க்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

செங்கோட்டை தாண்டியது. கோட்டைவாசல் தாண்டியது. ஆரியங்காவு மலைப்பாதையில் கார் வளைந்து வளைந்து இறங்குகிறது, மனுஷன் கை இறங்கவில்லை. ஜூலை மாதம் காருக்குள் சூட்டைப் போட்டு எங்கள் எல்லாருக்கும் வேர்த்து ஊற்றுகிறது. டிரைவர் மலையாளமும் தமிழுமாக, "அண்ணாச்சி, கொஞ்சம் கை தாழ்த்திக்கோ, வலிக்கும்லா" என்று சொல்லிப் பார்த்தார். எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. தென்மலை வந்தபோதுதான் மாமா திரும்பாமலேயே சொன்னார்.

"ஏட்டி. முதுகு காஞ்சிட்டு. கைதான் இன்னும் கொஞ்சம் ஈரமா இருக்கு."

"போதும் மாமா. மடில வச்சுக்கோங்க."

"மடில வச்சா மடங்கிரும்லா."

விமான நிலைய வாசலில் கோட்டைக் கொடுக்கும்போது அவர் கை இரண்டும் மடங்க மறுத்தது. அப்படியே நீட்டினபடி கொஞ்ச நேரம் நின்றார். "போயிட்டு வாரேன் மாமா" என்று மட்டும் சொன்னேன். அவர் பழைய குற்றாலம் போகாமலே அன்று ராத்திரி மதுரைக்கு ரயில் ஏறிவிட்டதாக அத்தை பிறகு சொன்னாள்.

மிலானில் இறங்கினால் தீ. நம்ம கத்திரி வெயில் எல்லாம் பிச்சை வாங்கவேண்டும். சாரலைப் பார்த்துவிட்டுக் கட்டின பெட்டியில் இரண்டு ஸ்வெட்டர் வேறு இருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு, வேர்வை முதுகில் ஓட, மீட்டிங் அறைக்குள் நுழைந்தேன். உள்ளே இருந்த அத்தனை பேரும் வெறும் அரைக்கைச் சட்டை. அவர்களுடைய பெரிய அதிகாரி ஒரு பெண், கையில் அட்டையை வைத்து விசிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறிப்போய், "ஐயோ, முதலில் அந்தக் கோட்டைக் கழற்றுங்கள்" என்றாள். கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அதற்கப்புறம் அதை நான் தொடவேயில்லை. முருங்கைப் பொடியில் ஈரப்பதம் ஏன் கூடுகிறது, எங்கள் ஊர்ச் சாரலில் அதை எப்படிக் காயவைக்கிறோம் என்று அவர்கள் குடைந்து குடைந்து கேட்டார்கள். ஈரம், காயவைப்பது! அன்றைக்கு அந்த விஷயத்தில் என்னைவிட யாருக்கு என்ன தெரியும்? பிளந்து கட்டினேன். முடிவில், இனி எல்லாப் பேச்சும் உங்களோடு மட்டும் என்று சொல்லிக் கை கொடுத்தாள். அந்தக் கையை நானே குலுக்கினேன்.

அண்ணாச்சிக்குச் சொன்னேன். "கொள்ளாம்" என்றார், நல்லது என்று அர்த்தம். அவர் வாயில் அதற்குமேல் வராது, எனக்கு அது போதும். அடுத்து மாமாவுக்குப் போன் போட்டேன்.

"கோட்டு உதவிச்சாட்டி?"

நாற்காலியில் தொங்கினதைச் சொல்ல வாய் வரவில்லை. "அது இல்லைன்னா ஒண்ணுமே நடந்திருக்காது மாமா" என்றேன். அந்தப் பக்கம், "நான் சொல்லலே?" என்று அத்தையிடம் சொல்வது கேட்டது.

அடுத்த பயணம் ஜெர்மனி, மார்ச்சில். அங்கே குளிர் இன்னும் விட்டிருக்காது என்று இந்தத் தடவை ஒழுங்காக விசாரித்து அடுக்கினேன். எங்கள் ஊரில் மாசி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஐந்தருவியில் ஒன்றுகூட விழவில்லை. பாறை வெள்ளை வெளேரென்று கிடந்தது, குரங்குகள்கூடக் கீழே இறங்கிப் போய்விட்டன. பஜ்ஜிக்கடை பூட்டியிருந்தது. கிளம்புகிற அன்று காலையில் வாசலில் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மாமா. கையில் அதே கட்டைப் பை, பிடியில் சிவப்புக் கயிறு கட்டி அடையாளம் வைத்திருந்தார்.

"என்ன மாமா, தண்ணி விழலையே?"

"தெரியும்ட்டி."

தண்ணி இல்லாத மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் சொந்தக்காரர் அவர்தான். காப்பி குடித்தார். கார் வந்ததும், நான் கேட்காமலேயே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"கோட்டு காஞ்சுதான் மாமா இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும்" என்று இரண்டு கையையும் நீட்டினார்.